எம்101-இன் ‘முன்’, ‘பின்’ படங்களை ஒரே படமாக்க பிக்சல்மேத்தில் என்ன எழுத வேண்டும்?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒருவரிடம் எம்101 விண்மீன் மண்டலத்தின் இரண்டு படங்கள் இருக்கின்றன. ஒன்று 2023 ஏப்ரல் 20 வாக்கில் எடுத்தது. மற்றது அதே தொலைநோக்கியில் மே கடைசி வாரத்தில் எடுத்தது. இரண்டாவதில் எஸ்என் 2023ஐஎக்ஸ்எஃப் என்ற சூப்பர்நோவா, அதாவது வெடித்துச் சிதறும் ஒரு விண்மீன், பளிச்சென்று தெரிகிறது. இரண்டையும் இடமும் வலமுமாக வைத்து ஒரே படமாக்க வேண்டும். வான்படங்களைச் செயலாக்கும் பிக்ஸ்இன்சைட் மென்பொருளின் பிக்சல்மேத் கருவியில் ‘முன் + பின்’ என்று எழுதினால் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்கிறது. என்ன எழுத வேண்டும்?

முதலில் விடை. இரண்டு படங்களும் 1500 × 1500 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். ‘முன்’, ‘பின்’ என்பவை அவற்றின் அடையாளப் பெயர்கள்.

ஐஐஎஃப்( எக்ஸ்() < 1500, பிக்சல்(முன், எக்ஸ்(), ஒய்()), பிக்சல்(பின், எக்ஸ்() − 1500, ஒய்()) )

மென்பொருளில் இதை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். ஐஐஎஃப் என்பது ஐ, ஐ, எஃப் என்ற மூன்று சிற்றெழுத்துகள். எக்ஸ், ஒய் ஓரெழுத்துச் சார்புகள் (ஒரு பிக்சலின் நெடுவரிசை எண், வரிசை எண்), அவற்றை அடுத்து வெற்று அடைப்புக்குறி கட்டாயம். படங்களின் பெயரும் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு இவற்றில்தான் அமைய வேண்டும். எண்ணில் தொடங்கக் கூடாது, நடுவே இடைவெளி விடக் கூடாது.

‘முன் + பின்’ ஏன் ஒட்டவில்லை என்பது புரிந்தால் மற்ற எல்லாமே தானாக வரும். பிக்சல்மேத் ஒரு படத்தை முழுதாக எடுத்து இன்னொன்றின் அருகில் வைக்கும் கருவி இல்லை. விடைப் படத்தின் ஒவ்வொரு பிக்சலிலும் போய் நின்று, ‘இந்த இடத்தில் என்ன மதிப்பு வர வேண்டும்?’ என்று உங்கள் கோவையை, அதாவது நீங்கள் எழுதிய வாய்பாட்டை, கேட்கிறது. வெறும் ‘முன்’ என்று எழுதினால் ‘முன் படத்தில் இதே இடத்தில் உள்ள மதிப்பு’ என்று பொருள். அதனால்தான் கூட்டும்போது 200ஆவது நெடுவரிசை 200ஆவது நெடுவரிசையோடு சேர்கிறது. பக்கம் பக்கமாக வைக்க வேண்டுமென்றால், ‘நான் நிற்பது 1700ஆவது நெடுவரிசை, ஆனால் எனக்கு வேண்டியது பின் படத்தின் 200ஆவது நெடுவரிசை’ என்று சொல்ல ஒரு வழி வேண்டும். அந்த வழிதான் பிக்சல் சார்பு. நிற்கும் இடத்தையும் எடுக்கும் இடத்தையும் அது பிரித்துவிடுகிறது. எக்ஸ்() − 1500 என்ற கழித்தலில்தான் முழு வேலையும் நடக்கிறது. ஐஐஎஃப் செய்வது வெறும் வழிகாட்டல்: நிபந்தனை உண்மையென்றால் முதல் விடை, இல்லையென்றால் இரண்டாவது.

சரி, கோவை சரியாக இருந்தும் பலருக்கு வலது பாதி வராது. காரணம் விடைப் படத்தின் அளவு. பிக்சல்மேத் வழக்கமாக விடையை இலக்குப் படத்தின் மீதே எழுதும், அதன் அகலமோ 1500தான். நெடுவரிசை 1500ஐத் தொடவே தொடாது என்பதால் இடது படம் மட்டும் அப்படியே திரும்பி வரும். ‘புதிய படத்தை உருவாக்கு’ என்ற தேர்வுக்கு மாற்றி, அகலம் 3000, உயரம் 1500 என்று நீங்களே கொடுங்கள். வண்ணப் படமென்றால் நிறவெளியை ஆர்ஜிபி என்று வையுங்கள். ஒரே கோவையை மூன்று நிறங்களுக்கும் பயன்படுத்தும் தேர்வு இயங்கட்டும். அப்புறம் சாளரத்தின் கீழ் இடது மூலையில் உள்ள முக்கோணத்தை இழுத்து ‘முன்’ படத்தின்மேல் விட்டால் போதும். ஒரு படம் வண்ணம், இன்னொன்று கறுப்பு வெள்ளை என்றால், கறுப்பு வெள்ளையை முதலில் ஆர்ஜிபி ஆக்கிவிட்டு வாருங்கள். எதிர்பாராத விளைவுகளைத் தேடி அலைய வேண்டியிருக்காது.

அதே சாளரத்தில் ‘ரீஸ்கேல் ரிசல்ட்’ என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதை அணைத்தே வையுங்கள். இயங்கினால் விடைப் படத்தின் மிகச் சிறிய மதிப்பை 0 என்றும் மிகப் பெரியதை 1 என்றும் இழுத்துவிடும். நீங்கள் எதையும் கூட்டவோ பெருக்கவோ இல்லை, வெறுமனே இடம் மாற்றுகிறீர்கள். மதிப்புகள் அசையக் கூடாது.

நிபந்தனையில் ஏன் ‘<’, ஏன் ‘≤’ இல்லை? பிக்ஸ்இன்சைட் நெடுவரிசைகளை 0 முதல் எண்ணுகிறது. 1500 அகலமுள்ள படத்தின் கடைசி நெடுவரிசை 1499. ‘≤’ போட்டால் 1500ஆவது நெடுவரிசைக்கும் ‘முன்’ படத்திடம் போய்க் கேட்கும், அங்கே அப்படி ஒன்று கிடையாது. ஒட்டில் மெல்லிய கோடு ஒன்று வந்து நிற்கும். இதுவே ஐராஃப் என்ற வானியல் மென்பொருளின் ஐம்எக்ஸ்பிஆர் கட்டளையில் எழுதுவதென்றால் நிலைமை தலைகீழ். அங்கே ஐ, ஜே என்ற பெயர்களில் வரும் ஆயங்கள் (பிக்சலின் இட எண்கள்) 1 முதல் எண்ணுகின்றன, வான்படங்களைச் சேமிக்கும் ஃபிட்ஸ் கோப்புத் தரமும் அப்படித்தான். எனவே அங்கே ‘≤ 1500’ தான் சரி. வரிசைகளின் திசையும் வேறுபடும். டிஎஸ்9 போன்ற ஃபிட்ஸ் காட்டிகள் முதல் வரிசையைக் கீழே வைக்கும், பிக்ஸ்இன்சைட் மேலே வைக்கும். இடம் வலமாக ஒட்டும்போது இது உறுத்தாது. மேலும் கீழுமாக அடுக்கினால் எது மேலே வரும் என்பதே மாறிவிடும். அப்படி அடுக்க வேண்டுமானால் எக்ஸின் இடத்தில் ஒய்யை வைத்து, ஒய்() − 1500 என்று கழியுங்கள்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு பிரிகோடு விடுவதை நான் எப்போதும் பரிந்துரைப்பேன். வான்படங்களில் பின்னணி ஒரே கருமை என்பதால், கோடு இல்லாவிட்டால் பார்ப்பவர் அதை ஒரே அகலமான வானமென்று எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. 20 பிக்சல் கோடு என்றால் மொத்த அகலம் 3020. கோவை இப்படி நீளும்:

ஐஐஎஃப்( எக்ஸ்() < 1500, பிக்சல்(முன், எக்ஸ்(), ஒய்()), ஐஐஎஃப்( எக்ஸ்() < 1520, 1, பிக்சல்(பின், எக்ஸ்() − 1520, ஒய்()) ) )

நடுவில் உள்ள 1 வெள்ளைக் கோடு. 0 போட்டால் கறுப்பு. பிறகு நடுநிற வளைவால் எவ்வளவு ஸ்ட்ரெட்ச் செய்தாலும் (மங்கலானதைத் தெரியும்படி தூக்கிவிட்டாலும்) 0 என்பது 0 ஆகவும், 1 என்பது 1 ஆகவும் நிற்கும். எனவே கோடு அழியாது.

உயரம் வேறுபட்டால் பொறுமையாக ஒரே உயரத்துக்கு வெட்டிவிடுவதே மேல். வெட்ட மனமில்லையென்றால், சிறிய படத்தின் பக்கத்தில் ஒய்() அதன் உயரத்துக்குள் இருக்கிறதா என்று இன்னொரு ஐஐஎஃப் போட்டு, இல்லாத இடத்துக்கு 0 கொடுங்கள்.

ஒட்டுவதற்கான கோவை இவ்வளவுதான். ஆனால் நீங்கள் கேட்ட படத்துக்கு இது மட்டும் போதாது. ‘முன்’, ‘பின்’ என்று இரண்டு படங்களை அருகருகே வைப்பது பார்ப்பவரிடம் ஒன்றைச் சொல்வது: இங்கே மாறியது இந்த ஒரு புள்ளி மட்டும்தான், மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது. அந்தச் சொல் உண்மையாக இருக்க வேண்டும். திசை, அளவு, பின்னணி, ஸ்ட்ரெட்ச் இவை நான்கும் ஒத்துப்போகாத படங்களை ஒட்டினால் கண் சூப்பர்நோவாவை விட்டுவிட்டு வேறெதையோ ஒப்பிடும்.

திசையும் அளவும் எளிது. ‘முன்’ படத்தை ஆதாரமாக வைத்து ‘பின்’ படத்தை, விண்மீன்களை வைத்துப் படங்களைப் பொருத்தும் ஸ்டார்அலைன்மென்ட் கருவியில் பொருத்துங்கள். கேமராவைக் கழற்றி மாட்டியிருந்தால் சுழற்சியும் அதிலேயே சரியாகிவிடும். பொருத்தியதும் ஓரங்களில் கறுப்பு விளிம்பு வரும். வெட்டும் கருவியான டைனமிக்கிராப்பில் ஒரு சட்டத்தை அமைத்து அதே சட்டத்தை இரண்டு படங்களுக்கும் போடுங்கள். தனித்தனியாகக் கையால் வெட்டக் கூடாது. இந்தச் சூப்பர்நோவா மண்டலத்தின் மையத்துக்குத் தென்கிழக்கே, என்ஜிசி 5461 என்ற பெரிய ஹைட்ரஜன் முகிலுக்குப் பக்கத்தில் வெடித்தது. அந்த முகிலும் மண்டலத்தின் மையமும் சட்டத்துக்குள் வரும்படி வெட்டினால் பார்ப்பவருக்கு இடம் பிடிபடும். வெட்டுவதில் இன்னொரு லாபமும் உண்டு. 6248 × 4176 பிக்சல் தரும் 26 மெகாபிக்சல் கேமராப் படங்கள் இரண்டை முழுதாக ஒட்டினால் 12,496 × 4176 ஆகும். 32 பிட் மிதவைப் புள்ளி வண்ணப் படமாக அது மட்டும் 626 மெகாபைட்.

இரண்டு வெவ்வேறு கருவிகளின் படங்களென்றால் பொருத்துதல் இன்னும் முக்கியம். கழுகு நெபுலாவின் ‘படைப்பின் தூண்கள்’ படத்தை ஹபிள், ஜேம்ஸ் வெப் என்ற இரண்டு விண்வெளித் தொலைநோக்கிகளும் எடுத்திருக்கின்றன. ஹபிளின் டபிள்யூஎஃப்சி3 கேமராவின் கண்ணுறு ஒளிப் பக்கத்தில் ஒரு பிக்சல் 0.04 ஆர்க்செகண்ட் (வானத்தின் கோண அளவு). வெப்பின் நிர்கேம் கேமராவில் குற்றலை அகச்சிவப்புக்கு 0.031, நெட்டலைக்கு 0.063. அப்படியே ஒட்டினால் ஒரு தூண் இன்னொன்றைவிடக் குட்டையாகத் தெரியும். ஆயத்தை ஒரு விகிதத்தால் பெருக்கி பிக்சல் சார்புக்கே கொடுத்து அளவைச் சரிசெய்யவும் முடியும். ஆனால் அதில் விண்மீன்களின் விளிம்பு கரடுமுரடாகிவிடலாம். ஸ்டார்அலைன்மென்ட் பக்கத்துப் பிக்சல்களையும் சேர்த்துக் கணக்கிடுவதால் அந்த வேலையை அதனிடமே விடுங்கள்.

பின்னணிதான் இந்த இரண்டு இரவுகளிலும் சிக்கல் தரும். 2023 ஏப்ரல் 20 அமாவாசை. அன்றுதான் கலப்புச் சூரிய கிரகணமும் நடந்தது. சூப்பர்நோவாவை ஜப்பானின் கோயிச்சி இடகாகி கண்டுபிடித்தது மே 19, அதுவும் அமாவாசையை ஒட்டியே. ஆனால் மே 27 வளர்பிறைக் கால்நிலவு, ஜூன் 4 பௌர்ணமி. உங்கள் இரண்டாவது படம் மே கடைசி வாரத்தது என்பதால் நிலவொளி பெரும்பாலும் ஏறியிருக்கும். அப்படியென்றால் அதன் பின்னணி மதிப்பு அதிகம், ஒரு பக்கமாகச் சரிவும் இருக்கலாம். சரிவை ஒட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு படத்திலும் தனியாக எடுத்துவிடுங்கள்.

அப்புறம், இரண்டு படங்களின் ஒளி அளவைப் பொருத்தும் லீனியர்ஃபிட் கருவி. ‘முன்’ படத்தை ஆதாரமாகக் கொடுத்து ‘பின்’ படத்தின்மேல் விட்டால், புதிய பின் = அ + ஆ × பழைய பின் என்ற எளிய நேர்கோட்டுப் பொருத்தம் நடக்கும். அ, ஆ இரண்டும் கன்சோலில் எழுதப்படும், பார்த்துக்கொள்ளுங்கள். சூப்பர்நோவா சில பிக்சல்கள்தான் என்பதால் இலட்சக்கணக்கான பிக்சல்களில் நடக்கும் பொருத்தத்தை அது இழுக்காது. இதையே பிக்சல்மேத்தில் கையாலும் செய்யலாம்:

(பின் − மெட்(பின்)) × க + மெட்(முன்)

மெட் என்பது இடைநிலை மதிப்பு. க என்பது இரண்டு இரவுகளின் ஒளி விகிதம். மாறாத சில விண்மீன்களின் ஒளியை இரண்டு படங்களிலும் அளந்து விகிதம் எடுத்தால் அதுவே க. பின்னணியின் இரைச்சலை வைத்து இந்த விகிதத்தைத் தீர்மானிக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. நிலவுள்ள இரவில் இரைச்சல் தானாகவே கூடும், அதற்கும் விண்மீன்களின் பிரகாசத்துக்கும் தொடர்பில்லை. எனவே விண்மீன்களையே நம்புங்கள்.

ஸ்ட்ரெட்ச்சை எப்போது செய்வது? பெரும்பாலோர் ஒவ்வொரு படத்தையும் அழகாக முடித்துவிட்டு ஒட்டுகிறார்கள். நான் சொல்வது நேர்மாறு: முதலில் லீனியர் நிலையிலேயே (எந்த வளைவும் போடாத நிலையிலேயே) ஒட்டுங்கள், அப்புறம் ஸ்ட்ரெட்ச் செய்யுங்கள். ஒரே படமாகிவிட்ட பிறகு நீங்கள் எந்த வளைவைப் போட்டாலும் அது இரண்டு பாதிக்கும் ஒன்றே. ஒரு பக்கத்தை மட்டும் தெரியாமல் தூக்கிவிட வழியே இல்லை. மதிப்புகளைத் தொடாமல் திரையில் மட்டும் பிரகாசமாக்கிக் காட்டும் எஸ்டிஎஃப் கருவியில், திரைக்காக மட்டும் தானியங்கி ஸ்ட்ரெட்ச் செய்து பார்த்தாலே இரண்டு பின்னணியும் பொருந்திவிட்டனவா என்று தெரிந்துவிடும். வலது பாதி வெளிறித் தெரிந்தால் லீனியர்ஃபிட்டுக்குத் திரும்பிப் போங்கள்.

இதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒட்டிய பிறகு பிக்சல் ஒவ்வொன்றையும் தனித்தனியாக மாற்றும் வேலைகளை மட்டும் செய்யலாம்: ஹிஸ்டோகிராம், வளைவுகள், நிறச் செறிவு. பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்து முடிவெடுக்கும் எதுவும் கூடாது: கூர்மையாக்கல், வேவ்லெட், இரைச்சல் நீக்கல், எச்டிஆர் வகைகள். அவை பிரிகோட்டைத் தாண்டி அடுத்த படத்தையும் எட்டிப் பார்க்கும், வெள்ளைக் கோட்டைச் சுற்றி நிழல் வளையம் எழும். அவை வேண்டுமென்றால் ஒட்டுவதற்கு முன்பு, இரண்டு படத்துக்கும் அதே அமைப்புகளோடு செய்யுங்கள். என்னைக் கேட்டால் ஒப்பிடும் படத்தில் கூர்மையாக்கல் வேண்டவே வேண்டாம். கண்டுபிடித்தபோது 14.9 மேக்னிட்யூட் (பிரகாச அளவு, எண் குறைந்தால் ஒளி கூடும்) இருந்த இந்தச் சூப்பர்நோவா சில நாட்களில் 11ஐ நெருங்கியது. ஏறத்தாழ நான்கு மேக்னிட்யூட், அதாவது நாற்பது மடங்கு. இதைக் காட்ட எந்த அலங்காரமும் தேவையில்லை.

ஒரே அளவுள்ள படங்களென்றால் வேறொரு வகையும் உண்டு. ஒரே சட்டத்தின் இடது பாதி ‘முன்’, வலது பாதி ‘பின்’:

ஐஐஎஃப்( எக்ஸ்() < 750, முன், பின் )

இங்கே பிக்சல் சார்பே தேவையில்லை, ஏனென்றால் நிற்கும் இடமும் எடுக்கும் இடமும் ஒன்றுதான். புதிய அளவும் வேண்டாம். ஒரே படத்தைச் செயலாக்கத்துக்கு முன்னும் பின்னும் காட்ட இது அருமையானது. சூப்பர்நோவாவுக்கு உதவாது, அது ஒரு பாதியில் மட்டுமே விழும் என்பதால் ஒப்பிட ஆளிருக்காது. சிலர் நடுவில் 100 பிக்சலுக்கு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மெல்லக் கரையும்படி எழுதுவார்கள். அழகுதான், ஆனால் எந்தப் படம் எங்கே முடிகிறது என்பதை அது மறைக்கிறது. ஒப்பிடும் படத்தில் ஒட்டு தெரிந்தாக வேண்டும்.

உங்களுக்கு நான் உண்மையில் பரிந்துரைப்பது மூன்று பலகம்: முன், பின், அப்புறம் இரண்டின் வித்தியாசம். அகலம் 4540, இரண்டு இடங்களில் 20 பிக்சல் கோடு. மூன்றாவது பலகத்துக்கான துண்டு இது:

பிக்சல்(பின், எக்ஸ்() − 3040, ஒய்()) − பிக்சல்(முன், எக்ஸ்() − 3040, ஒய்()) + 0.01

கடைசியில் உள்ள 0.01 ஒரு மேடை. ரீஸ்கேலை அணைத்திருப்பதால் 0க்குக் கீழே போகும் மதிப்பெல்லாம் 0 என்றே வெட்டப்படும். மேடை போட்டால் எதிர்ம இரைச்சலும் தப்பிக்கும். லீனியர் படத்தின் பின்னணி அளவுக்கு அருகில் மேடையை வைத்தால் பின்னால் போடும் ஒரே ஸ்ட்ரெட்ச் இதற்கும் பொருந்தும். மண்டலமும் விண்மீன்களும் மறைந்து, என்ஜிசி 5461-இன் அருகில் ஒரே ஒரு புள்ளி நிற்க வேண்டும். விண்மீன்கள் இருந்த இடத்தில் வளையங்கள் மிஞ்சினால் பதற வேண்டாம், இரண்டு இரவுகளிலும் காற்றின் நிலைமை வேறு, விண்மீன்களின் விட்டம் வேறு. இதைத் தீர்க்கத்தான் ஆலார்ட், லப்டன் என்ற வானியலாளர்கள் 1998இல் ஒரு படத்தை இன்னொன்றின் மங்கலுக்கு ஏற்ப மங்கலாக்கிவிட்டுக் கழிக்கும் முறையை வெளியிட்டார்கள். உங்கள் தேவைக்கு, கூர்மையான படத்தைச் சிறிதளவு கான்வல்யூஷனால் மங்கலாக்கினாலே வளையங்கள் பெரும்பாலும் அடங்கிவிடும்.

நகரும் பொருளைக் காட்ட வேண்டியிருந்தால் நான் ஒட்டவே சொல்ல மாட்டேன். புளூட்டோவை கிளைட் டாம்பா 1930 ஜனவரி 23, 29 தேதிகளின் தகடுகளை மாறி மாறிக் காட்டும் பிளிங்க் கருவியில் பார்த்துத்தான் பிப்ரவரி 18 அன்று கண்டுபிடித்தார். ஆயிரக்கணக்கான புள்ளிகளுக்கு நடுவே ஒரு சின்ன நகர்வைக் கண் அப்படித்தான் பிடிக்கும். பிக்ஸ்இன்சைட்டிலும் பிளிங்க் இருக்கிறது. பக்கம் பக்கமாக வைப்பது அச்சுக்கும், புதிதாக ஒளி தோன்றிய இடத்தைக் காட்டுவதற்கும் பொருந்தும்.

ஒட்டிய படத்திலிருந்து எதையும் அளக்காதீர்கள். வான் ஆயத் தீர்வு ‘முன்’ படத்துக்குரியது. வலது பாதியில் ஒரு பிக்சல் வானத்தில் எந்த இடம் என்பதற்கு அங்கே பொருளே இல்லை. எடுத்த தேதியும் புதிய படத்தின் தலைப்பில் இருக்காது. பிரகாசம் அளக்கப் பொருத்திய தனித்தனி லீனியர் படங்களைப் பத்திரமாக வைத்திருங்கள். ஒட்டிய படத்தில் ஒவ்வொரு பலகத்தின் கீழும் தேதியை உலக நேரத்தில் எழுதுங்கள், மொத்த எக்ஸ்போஷரையும் சேர்த்து. ‘பின்’ படத்துக்கு இரண்டு மணி நேரமும் ‘முன்’ படத்துக்கு முப்பது நிமிடமும் கொடுத்திருந்தால் அதைப் பார்ப்பவர் தெரிந்துகொள்ள வேண்டும். மங்கலான விண்மீன் ஒன்று வலதில் மட்டும் தெரிவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். கோவையை ஒரு புராசஸ் ஐகானாக (அமைப்புகளைச் சேமித்து வைக்கும் சின்னமாக) சேமித்துவிடுங்கள். அடுத்த சூப்பர்நோவாவுக்கு இரண்டு பெயர்களையும் அகலத்தையும் மாற்றினால் போதும்.